கோல்கொண்டாவும் செஞ்சியும்

நாட்டுக்கு வேண்டிய உறுப்புகளை வகுத்துரைக்கும் பொருட்பாலில் வள்ளுவப் பெருந்தகை 'அரண்' என்று ஓர் அதிகாரமே அமைத்துள்ளார். நீர், வெளிநிலம், மலை, காடு ஆகியவை அரணாகும் என்று கூறி, உள்ளிருப்போர்க்கு உணவு குறையாதிருத்தலும் வேண்டும் என்கிறார். முடிவிலோ, எத்துணை மாட்சியுடைய அரணாயினும் செயல்திறன் இல்லாதாரிடத்து அது இல்லாததற்கே ஒப்பாகும் என்று எச்சரிக்கிறார். இவ்வுண்மையை விளக்கி நிற்கும் மலைக்கோட்டைகள் இரண்டினை இங்கு நோக்குவோம். ஒன்று, நாம் வாழும் ஐதராபாத்தின் மேற்கே உள்ள கோல்கொண்டா. மற்றொன்று, நாம் பிறந்த தமிழகத்தின் செஞ்சி.

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் கோல்கொண்டாவுக்கு அழைத்துச் செல்வது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். வாயில் மண்டபத்தில் தட்டும் கையொலி மலையுச்சியில் கேட்பதைப் பிள்ளைகள் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும், 'இது பிறர் வரலாறு, நம் வரலாறு தெற்கே இருக்கிறது' என்னும் எண்ணம் நம்முள் பலர்க்கு உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். தெலுங்கில் 'கொல்ல' என்பது இடையரையும் 'கொண்ட' என்பது மலையையும் குறிக்கும். இடையர் மலை என்பதே கோல்கொண்டா ஆயிற்று என்பர். செஞ்சிக் கோட்டைக்கு அடிகோலியவன் ஆனந்தக் கோன் என்னும் ஆயர்குலத் தலைவன் என்று அங்குள்ள மரபு கூறுகிறது. ஆக, ஆடு மாடு மேய்த்தோரின் நினைவோடுதான் இவ்விரு குன்றுகளின் கதையும் தொடங்குகிறது.

உறவு இத்துடன் நிற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கோல்கொண்டாவின் படைத்தலைவர் மீர் ஜும்லா தெற்கே படை நடத்தினார். சென்னையைச் சூழ்ந்த நாடு குதுப் சாகி அரசின் கீழ் வந்தது. ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டையில் வாணிகம் செய்தது கோல்கொண்டாவின் இசைவோடுதான். கி.பி. 1672இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சென்னைக்காக ஆண்டுக்கு 1200 வராகன் அவ்வரசுக்குச் செலுத்த அவர்கள் ஒப்பினர். இன்று நாம் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குப் பிழைப்பு நாடி வருகிறோம். அன்று சென்னையின் வரிப்பணம் இதே திசையில் வந்துகொண்டிருந்தது.

கி.பி. 1677இல் மராத்திய மன்னர் சிவாஜி ஐதராபாத்துக்கு வந்து, சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதற்குத் துணைநின்றவர் முதலமைச்சர் மாதண்ணா. கோல்கொண்டாவின் பொருளும் பீரங்கியும் துணையாகத் தெற்கே சென்ற சிவாஜி, அவ்வாண்டிலேயே பீஜப்பூராரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். செஞ்சியின் தலைவிதியை மாற்றிய உடன்படிக்கை நம் ஐதராபாத்தில்தான் எழுதப்பட்டது!

பத்து ஆண்டுகள் கழிந்தன. கி.பி. 1687இல் ஔரங்கசீப்பின் பெரும்படை கோல்கொண்டாவை வளைத்தது. மதில்கள் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கின. களஞ்சியத்தில் தானியம் இருந்தது. படிப்படியாக மேலேற்றப்பட்ட நீர் மண்குழாய்களின் வழியே அரண்மனைக்குப் பாய்ந்தது. எட்டு மாதங்களாகியும் கோட்டை பணியவில்லை. இறுதியில் கையூட்டுப் பெற்ற அதிகாரி ஒருவன் இரவில் வாயிலைத் திறந்துவிட்டான். கல்லும் சுண்ணாம்பும் தோற்கவில்லை, காவல் தோற்றது. அதே இரவில், பகைவர் காட்டிய பதவி ஆசையை முன்னரே உதறித்தள்ளிய அப்துர் ரசாக் லாரி என்னும் வீரர், உடலெங்கும் எண்ணற்ற காயங்கள் பட்டும் போரிட்டார். அவரைப் பிழைக்க வைக்கத் தன் மருத்துவர்களையே அனுப்பினார் ஔரங்கசீப். பகைவனும் மதித்த உறுதி அது.

கோல்கொண்டாவை வென்ற மொகலாயப் படை அடுத்துத் தெற்கே நகர்ந்தது. சிவாஜியின் மைந்தர் இராஜாராம் கி.பி. 1689இல் செஞ்சியில் அடைக்கலம் புகுந்திருந்தார். மறு ஆண்டு சுல்பிகார் கான் வந்து முற்றுகையைத் தொடங்கினார். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்த மதில்கள், வற்றாத சுனைகள், பெரிய நெற்களஞ்சியங்கள், இராஜகிரியின் உச்சிக்கருகே பிளவைக் கடக்க ஒரு பாலம் என அரணின் இலக்கணம் யாவும் அங்குப் பொருந்தியிருந்தன. கோல்கொண்டா எட்டு மாதங்கள் நின்றது. செஞ்சியோ ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நின்றது. கி.பி. 1698இல் அது வீழ்வதற்கு முன்னரே இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். எனவே கோட்டை கைக்கு வந்தும், வந்த காரியம் மொகலாயருக்குக் கைகூடவில்லை.

இவ்விரு முற்றுகைகளும் ஒரே வரலாற்றின் முன்பாதியும் பின்பாதியும் என்பது இப்போது விளங்கும். கோல்கொண்டாவைப் படிக்காமல் செஞ்சியை முழுமையாக அறிதல் இயலாது. ஆகவே இக்குன்றின்மீது ஏறும் தமிழ்ப் பிள்ளை அயலார் வீட்டு முற்றத்தில் நிற்கவில்லை. தன் நாட்டு வரலாற்றின் வடக்கு வாயிலில் நிற்கிறது.

கி.பி. 2025இல் மராத்தியரின் படையியல் நிலப்பரப்பு என்னும் பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 12 கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. அவற்றுள் தமிழகத்தில் உள்ளது அது மட்டுமே. விடுப்புப் பயணச் சலுகையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இறங்கி ஒரு பகல் பொழுதை அதற்கு ஒதுக்குவார்களாக. வெயில் ஏறுமுன் மலையேறுதல் நலம். குடிநீர் கொண்டு செல்க. கோல்கொண்டாவின் சுவர்களில் நம் எழுத்திலும் சில பெயர்கள் கீறப்பட்டிருப்பதைக் கண்டு நாம் வருந்தியதுண்டு. பீரங்கிக்கு அசையாத சுவரை ஓர் ஆணி புண்படுத்தலாமா? மதிலைக் காப்பது மதிலினுள் இருப்போரின் கடமை என்றால், இன்று அதனுள் இருப்போர் நாமே என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.