நல்ல கணினிக்கும் நோய் சொல்லும் மென்பொருள்

கணினி மெதுவாகிவிட்டது என்றதும் பலர் தேடிப் போவது, அதைச் சுத்தம் செய்து பழுதும் பார்த்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருளைத்தான். சோதனை இலவசம் என்பார்கள். சில நிமிடங்களில் திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய எண் தோன்றும். இத்தனை பழுதுகள் உள்ளன, சரிசெய்ய வேண்டுமானால் பணம் கட்டுங்கள். அந்த எண்ணை நம்பிப் பணம் கட்டலாமா? இவ்வகை மென்பொருளின் நாற்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

தொடக்கம் என்னவோ நேர்மையானதுதான். 1982-இல் பீட்டர் நார்ட்டன் என்ற அமெரிக்கர் 'நார்ட்டன் யுட்டிலிட்டீஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அன்றைய டாஸ் கணினியில் ஒரு கோப்பை அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படும். வேறொரு கோப்பு அந்த இடத்தைப் பிடிக்கும்வரை உள்ளே இருந்தது வட்டிலேயே கிடக்கும். நார்ட்டனின் நிரல் அதைத் தேடி மீட்டுத் தந்தது. தொலைந்த கணக்கு திரும்பி வந்ததா இல்லையா என்பதை வாங்கியவரே கண்ணால் பார்த்துக் கொள்ளலாம். மழுப்புவதற்கு அதில் இடமில்லை. 1990-இல் சிமான்டெக் நிறுவனம் நார்ட்டனின் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

பலனைக் கண்ணால் பார்க்க முடியாத பொருள் கடைக்கு வந்தபோதுதான் வில்லங்கம் பிறந்தது. 1995-இல் விண்டோஸ் 95 வெளியானது. அதற்கு அதிக நினைவகம் தேவைப்பட்டது. அந்நாளில் நினைவகச் சில்லுகளின் விலையோ கையைச் சுட்டது. அந்த நேரம் பார்த்து, சின்க்ரோனிஸ் என்ற நிறுவனம் 'சாஃப்ட்ராம் 95' என்ற மென்பொருளைச் சுமார் 30 டாலருக்கு விற்றது. நினைவகத்தை இரட்டிப்பாக்கும் என்பது வாக்குறுதி. நிறுவியதும், நினைவகம் இரு மடங்காகிவிட்டதாகத் திரையும் காட்டியது. லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். ஜெர்மனியின் 'சி-டி' இதழும், மார்க் ருசினோவிச் போன்ற நிரலாளர்களும் அதைப் பிரித்து ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. தரவைச் சுருக்கும் வேலை உள்ளே நடக்கவே இல்லை! 1995 டிசம்பரில் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

அடுத்து வந்தது 'ரிஜிஸ்ட்ரி' எனப்படும் பதிவேட்டைச் சுத்தம் செய்யும் வியாபாரம். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை எல்லாம் குறித்து வைக்கும் ஏடு அது. நீக்கப்பட்ட நிரல்களின் பழைய குறிப்புகள் அதில் தங்கிவிடுவது உண்மை. ஆனால் அவற்றால் கணினி மெதுவாவதில்லை. மளிகைக் கடையின் 555 புத்தகத்தில், வீடு மாறிப் போனவரின் பெயர் இருப்பதால் கடையில் வியாபாரம் தேங்கிவிடுமா என்ன? அவசரத்தில் தாளைக் கிழித்து, பாக்கி வைத்திருப்பவரின் கணக்கும் அதோடு போய்விட்டால்தான் தொல்லை. மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் 'ரெக்கிளீன்' என்ற நிரலைத் தானே இலவசமாக வெளியிட்டுப் பிறகு விலக்கிக்கொண்டது. இத்தகைய துப்புரவு நிரல்களைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று பின்னர் எழுத்திலேயே அறிவித்தது. பதிவேட்டில் கை வைக்கும் மென்பொருளை வாங்குமுன், செய்த மாற்றத்தைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர அதில் வழி உண்டா என்று கேட்பது அதனால்தான்.

பயமுறுத்தி விற்பதும் சேர்ந்துகொண்டது. 2004-இல் அமெரிக்காவில் வழக்குக்கு வந்த ஒரு விற்பனையில், கணினியின் சிடி தட்டு தானாகத் திறந்து கொள்ளுமாம். தட்டு திறந்திருந்தால் உங்களுக்கு உடனே எங்கள் மென்பொருள் தேவை என்று திரையில் செய்தி வரும். நோயைக் கொடுத்தவரே மருந்தும் விற்ற கதை. 'வின்ஃபிக்சர்' போன்ற போலி நிரல்களை விற்றவர்கள் மீது 2008-இல் வழக்குத் தொடரப்பட்டது. 2012-இல் நீதிமன்றம் 16 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

இவர்களெல்லாம் முகம் தெரியாத இணைய வியாபாரிகள், பெயர் பெற்ற கடையில் இப்படி நடக்காது என்று நினைத்தவர்களுக்கும் அதிர்ச்சி காத்திருந்தது. 'ஆபிஸ் டிப்போ' கடைகளில் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் சோதனை நடந்து வந்தது. கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரங்கள் குதிக்கின்றனவா என்பதுபோல் நான்கு கேள்விகள். ஊழியர் ஒன்றுக்காவது 'ஆம்' என்று குறியிட்டால் போதும், தீய நிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். நடுவே ஓடிய சோதனைக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை என்றது ஆணையம். வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல முடியாது என்று 2012-லேயே ஓர் ஊழியர் மேலிடத்துக்கு முறையிட்டிருந்தார். கேட்பாரில்லை. 2016-இல் சியாட்டல் நகரின் கைரோ 7 தொலைக்காட்சி, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுக் கணினிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோனது. ஆறில் நான்கு கடைகள் அவற்றுக்கும் நோய் இருப்பதாகச் சொல்லிவிட்டன. 2019-இல் கடை நிறுவனம் 2.5 கோடி டாலரும், மென்பொருளைத் தந்த சப்போர்ட் டாட் காம் 1 கோடி டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன.

நல்ல பெயருள்ள இலவச நிரல்களும் முழுப் பாதுகாப்பு அல்ல. 'சிகிளீனர்' 2017-இல் ஊடுருவப்பட்டு, அதன் ஒரு பதிப்பு ஏறக்குறைய ஒரு மாதம் தீய நிரலோடு விநியோகமானது. இருபது லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் அது இறங்கியது. தற்காலிகக் கோப்புகளை நீக்கும் சாதாரண வேலைக்கு விண்டோஸிலேயே வசதி இருக்கும்போது, வெளியார் ஒருவருக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கத்தான் வேண்டுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

சாஃப்ட்ராம் முதல் இன்றுவரை பொய்யைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் விற்பவர் காட்டிய எண்ணை ஏற்றுக்கொள்ளவில்லை. பழுதில்லாத கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள், அல்லது உள்ளே பிரித்துப் பார்த்தார்கள். ஆணையமும் அதையே செய்தது. சைப்ரஸைச் சேர்ந்த ரெஸ்டோரோ, ரீஇமேஜ் நிறுவனங்களின் மென்பொருளை அதன் விசாரணையாளர்கள் வாடிக்கையாளர் போல வாங்கி, நன்றாக ஓடும் கணினியில் நிறுவினார்கள். நூற்றுக்கணக்கான பழுதுகள் என்றது திரை. பணம் கட்டிய பிறகு தொலைபேசியில் அழைக்கச் சொல்லி, மேலும் சில நூறு டாலர் கேட்டார்கள். 2024-இல் அந்நிறுவனங்கள் 2.6 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தன. மறு ஆண்டு அந்தப் பணம் 7 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பிரித்து அனுப்பப்பட்டது. ஆளுக்குச் சராசரியாகக் கிடைத்தது 40 டாலருக்கும் குறைவு.