தொடைக்குள் சேராத பெயர்

காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய விபரங்களைத் திரட்டும் வேலையொன்றில் சில மாதங்கள் உதவினேன். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, பின்னர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒரே பிள்ளையின் பெயரைப் பெற்றோர் எத்தனையோ இடங்களில் எழுதிக் கொடுத்தவர்கள். குடும்பங்கள் எங்களிடம் தந்த பிரதிகளிலும் ஒரே ஆள் பல தடவை வந்தார். அந்த இரட்டிப்பை நீக்க ஜாவா மொழியில் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதினேன். அதில் நான் விட்ட பிழையே இந்தக் கட்டுரை.

பாடசாலைக் கணிதத்தில் தொடை படித்திருப்போம். ஒரு மூலகத்தை இரண்டு தடவை எழுதினாலும் அது ஒன்றுதான். ஜாவாவின் ‘செட்’ அதே தொடைதான். ‘ஆட்’ என்ற கட்டளையால் அதற்குள் மூலகத்தைச் சேர்க்கிறோம். புதிதென்றால் சேர்த்துவிட்டு ‘ட்ரூ’ என்று பதில் தரும். ஏற்கெனவே இருந்தால் சேர்க்காமல் ‘ஃபோல்ஸ்’ என்று மட்டும் சொல்லும். பிழைச் செய்தி வராது, செய்நிரலும் நிற்காது. அந்தப் பதிலை வாங்கிப் பார்க்காவிட்டால் எது வெளியே நின்றது என்று தெரியாது.

நான் பார்க்கவில்லை. பெயரை மட்டுமே மூலகமாகக் கொடுத்திருந்தேன். முதலெழுத்தும் பெயரும் ஒன்றான இருவர், வேறு வேறு ஊரவர். இரண்டாமவர் சேரவில்லை. அச்சிட்ட பட்டியலில் விரல் வைத்துத் தேடிய தாய் ஒருவர், இதிலும் பிள்ளை இல்லையா என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

பெயருக்குப் பதிலாக ‘ஆள்’ என்றொரு வகுப்பை எழுதி, பெயர், தந்தை பெயர், பிறந்த திகதி, ஊர் எல்லாவற்றையும் அதில் வைத்தேன். இரண்டு பொருள்கள் ஒன்றா என்பதை ‘ஈக்குவல்ஸ்’ முடிவு செய்யும். ஆனால் ‘ஹாஷ்செட்’ முதலில் ‘ஹாஷ்கோட்’ தரும் எண்ணைக் கொண்டு எந்தத் தட்டில் தேடுவது என்று பார்க்கும்; அந்தத் தட்டில் இருப்பவற்றுடன்தான் ஒப்பிடும். ஈக்குவல்ஸை மட்டும் எழுதி ஹாஷ்கோட்டை மறந்தால் ஒரே ஆள் வேறு வேறு தட்டுகளில் இரண்டு தடவை உட்காருவார். சேர்த்த பிறகு ஊரின் பெயரைத் திருத்தினாலும் சிக்கல்தான்: ஆள் பழைய தட்டில் இருப்பார், தேடினால் இல்லை என்ற பதில் வரக்கூடும்.

தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. ‘யோகராசா’வின் ‘யோ’வை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சேர்க்குமுன் ஜாவாவின் ‘நோர்மலைசர்’ ஊடாக அனுப்பினால் ஒன்றாகிவிடும். ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ‘ள’வும் தட்டச்சிய ‘கௌரி’யை அது திருத்தாது. யோகராசாவும் யோகராஜாவும் ஒருவரா என்பதும் அதற்குத் தெரியாது.

இப்போது ‘ஃபோல்ஸ்’ வரும் ஒவ்வொரு வரியையும் தனிக் கோப்பில் எழுதவைத்திருக்கிறேன். அதை அச்சிட்டு, குடும்பத்தவரிடம் கேட்டு, ஒவ்வொன்றாகக் கையாலேயே சரிபார்க்கிறோம்.