ரிட்டயர் ஆன அப்பாவுக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன்... வீட்டுக்குள்ளேயே!

அப்பா ரிட்டயர் ஆகி மூணு மாசம் ஆச்சு. முதல் மாசம் கோயில், சொந்தக்காரங்க வீடுன்னு போச்சு. ரெண்டாவது மாசம் வீட்ல இருக்கிற குழாய், ஸ்விட்ச் எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணி முடிச்சார். இப்போ பேப்பரை ரெண்டாவது தடவை படிச்சிட்டு, நீங்க எப்போ வருவீங்கன்னு வாசலையே பார்த்துட்டு இருக்கார். உங்க வீட்லயும் இதே கதைன்னா, தொடர்ந்து படிங்க.

வெளிநாடுகளில் பலர் ஓய்வுக்காலத்தில் கையில் எடுக்கும் பொழுதுபோக்கு, மாடல் ரயில்வே. இது குழந்தைகள் ஓட்டும் பொம்மை ரயில் இல்லை. ரயில், ஸ்டேஷன், சிக்னல், பாலம், பக்கத்துத் தெரு டீக்கடை வரைக்கும் எல்லாத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, சொந்தக் கையால் உருவாக்குவது.

ராக் ஸ்டார் கட்டிய நகரம்

இங்கிலாந்துப் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டை எடுத்துக்கோங்க. 1940-கள் காலத்து அமெரிக்க நகரம் ஒன்றை, தன் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் மாடியில் பல வருஷமா கட்டினார். இசைச் சுற்றுப்பயணம் போகும்போதுகூட ஹோட்டலில் கூடுதலா ஒரு அறை எடுத்து, அங்கே உட்கார்ந்து குட்டிக் குட்டிக் கட்டடங்கள் செய்வாராம். 2019-ல் அந்தப் படங்கள் வெளியானபோது, 'இதை அவரே செய்திருப்பாரா?' என்று பிபிசி ரேடியோவில் சந்தேகம் கிளப்பினார்கள். உடனே அவரே அந்த நிகழ்ச்சிக்கு போன் போட்டு, 'பெரும்பகுதி நான் செஞ்சதுதான். எலெக்ட்ரிக்கல் வேலைக்கு மட்டும்தான் ஆள் வெச்சேன்' என்று விளக்கம் கொடுத்தார்.

எத்தனையோ மேடைகளைப் பார்த்தவருக்கே, தன் கையால் செய்தது என்பதில் அவ்வளவு பெருமை. இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அதுதான்.

எந்த சைஸ் வாங்கணும்?

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது 'எச்ஓ' ஸ்கேல். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இதைவிடச் சின்னது 'என்' ஸ்கேல். 160-ல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மி.மீ. 'வீடு சின்னது, என் ஸ்கேலே போதும்'னு அவசரப்படாதீங்க. 60 வயசுக் கண்ணுக்கும் விரலுக்கும் எச்ஓ-தான் வசதி.

ஒரு சின்னக் கணக்கு. சுமார் 22 மீட்டர் நீளமுள்ள ஐசிஎஃப் கோச், எச்ஓ-வில் சுமார் 25 செ.மீ. வரும். 24 கோச் எக்ஸ்பிரஸ் என்றால் 6 மீட்டர்! நம்ம ஹால் தாங்காது. இரண்டு கி.மீ. நீளமுள்ள பழைய பாம்பன் பாலத்தை முழுசா செஞ்சா, சுமார் 24 மீட்டர் இடம் வேணும். அதனால் ஐந்தாறு கோச், பாலத்தில் ஒரு பகுதி என்று சுருக்கிக்கொள்வதும் இந்தக் கலையில் சேர்ந்ததுதான்.

நம்ம அகலப்பாதையின் அளவு 1,676 மி.மீ. கணக்குப்படி எச்ஓ-வில் 19 மி.மீ. தண்டவாளம் வரணும். ஆனால், இந்திய ரயில்களைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சுலபமாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார்கள். மீட்டர் கேஜ் செய்ய ஆசைப்பட்டால், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் தனியாக இருக்கிறது.

இடம் இல்லையே?

எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்று போதும். அதில் ரயில் வட்டமாகச் சுற்றி வரும். பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீங்க, அந்தப் பக்கம் ரயில் தடம் புரண்டால் கை எட்டாது. அடியில் சக்கரம் வெச்சா நகர்த்திக்கலாம்.

அதுக்கும் இடமில்லையா? ஓர் அடி அகலம், நாலைந்து அடி நீளத்தில் ஒரு ஷெல்ஃப் போதும். மூன்று பாதைகள், எட்டு வேகன்கள். சீட்டுக் குலுக்கி ஐந்து வேகன்களைத் தேர்ந்தெடுத்து, அதே வரிசையில் இன்ஜினுக்குப் பின்னால் கோக்கணும். 'இங்கிள்நுக்' என்கிற இந்த ஷன்டிங் புதிர், சுடோகு மாதிரி மூளைக்கு நல்ல வேலை.

கரன்ட் விஷயத்தில் பயம் வேண்டாம். சாதாரண செட்டில் கன்ட்ரோலரிலிருந்து சுமார் 12 வோல்ட் டி.சி. மின்சாரம்தான் தண்டவாளத்துக்குப் போகும். ஒரே பாதையில் ரெண்டு இன்ஜினைத் தனித்தனியா ஓட்ட டிஜிட்டல் முறை இருக்கு. அது அப்புறம்.

பாதி சாமான் கிச்சன்லயே இருக்கு!

மலைக்கு தெர்மாகோல், மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மண்ணுக்கு, காய வெச்ச டீத்தூள் சக்கை. புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள். ஜல்லிக்குச் சலித்த மணல். அதன் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்து சொட்டுச் சொட்டாக விடணும். பசை சீராக உள்ளே இறங்கும்.

சால்டரிங் பண்ணும்போது ஜன்னல் திறந்திருக்கணும். குட்டிப் பாகங்கள் பேரக்குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

முதலில் நேரில் பார்க்கணுமா? புனேயில் பி.எஸ்.ஜோஷி உருவாக்கிய மினியேச்சர் ரயில் மியூசியம், 1998 முதல் இயங்குகிறது. அதுவும் ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான்.

நீங்க செய்ய வேண்டியது

காஸ்ட்லி செட் வாங்கி, நீங்களே பூட்டி, 'ஹேப்பி ரிட்டயர்மென்ட்'னு நீட்டிடாதீங்க. பத்து நாள் ஓடும். அப்புறம் பரணுக்குப் போயிடும். அப்பாவுக்குத் தேவை ஒரு பொருள் இல்லை, நாளைக் காலையில் எழுந்ததும் செய்ய ஒரு வேலை.

அதனால் ஒரு கேள்வியில் ஆரம்பிங்க. 'சின்ன வயசுல எந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறுவீங்கப்பா?'

அந்த மீட்டர் கேஜ் ஸ்டேஷன் இன்னிக்கு அடையாளமே தெரியாமல் மாறியிருக்கலாம். டிக்கெட் கவுன்டர் எங்கே, வேப்பமரம் எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி என்ன உயரம் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கும். ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்க. ரயில் அப்புறம் வாங்கிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்துல உட்காருங்க. ஃபெவிகால் கலக்குற வேலையை மட்டும் நீங்க எடுத்துக்கோங்க. ஸ்டேஷன் மாஸ்டர் அவராவே இருக்கட்டும்!