தெர்மைட் வினையின் இடர் எதில்? வெப்பம், வளிமம், ஈரம் பற்றிய ஒரு மதிப்பீடு

அலுமினியம் ஓர் உலோக ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் தெர்மைட் வினையைப் பற்றிய பாடநூல் குறிப்புகள் பெரும்பாலும் அதன் வெப்பநிலையைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. வெப்பம் மிகுதி, ஆகவே ஆபத்தும் மிகுதி என்பது அவற்றின் உட்கிடை. இக்கட்டுரை அந்த முடிவை மறுக்கிறது. வினை வெளியிடும் வெப்பம் விபத்துக்குத் தேவையான நிபந்தனைதான். போதுமான நிபந்தனை ஆகாது. அந்த வெப்பம் ஆவியாகக்கூடிய ஒரு பொருளைச் சந்திக்கும் இடத்தில்தான் பெரும் விபத்து பிறக்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

வினையின் தோற்றமும் அடிப்படையும்

அலுமினியம் பிற உலோக ஆக்சைடுகளை ஒடுக்கும் என்பதை ருஷ்ய வேதியியலாளர் நிகோலாய் பெக்கெத்தோவ் 1860களிலேயே காட்டியிருந்தார். அன்று அலுமினியம் விலை மிகுந்த உலோகம். 1886இல் ஹாலும் எரூவும் தனித்தனியே கண்ட மின்னாற்பகுப்பு முறைதான் அதை மலிவாக்கியது. ஹைடல்பெர்க்கில் வேதியியலாளர் புன்சனிடம் பயின்ற ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட், கரி கலவாத குரோமியத்தையும் மாங்கனீசையும் பெற முயன்றபோது இவ்வினையைத் தொழில்முறையாக வளர்த்து 1895இல் காப்புரிமை பெற்றார். 1899இல் ஜெர்மனியின் எஸ்சன் நகர டிராம் பாதையில் தண்டவாளங்கள் இம்முறையால் பற்றவைக்கப்பட்டன.

வினையின் உந்துவிசை எளிதில் கணக்கிடத்தக்கது. அலுமினாவின் (அலுமினிய ஆக்சைடு) உருவாதல் என்தால்பி மோலுக்கு −1676 கிலோ ஜூல். பெரிக் ஆக்சைடுக்கு (இரும்பு ஆக்சைடு) −824. ஆக்சிஜன் இரும்பை விட்டு அலுமினியத்தைச் சேரும்போது, ஒரு மோல் பெரிக் ஆக்சைடுக்கு ஏறத்தாழ 852 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. வினை தொடங்கிவிட்டால் இந்த வெப்பமே அடுத்தடுத்த அடுக்குகளைத் தூண்டும். காற்றின் துணை வேண்டியதில்லை. இரும்பு 1538 டிகிரி செல்சியசிலும் அலுமினா 2072 டிகிரியிலும் உருகும்; வினையின் வெப்பநிலை இவற்றைத் தாண்டுவதால் இரண்டும் திரவமாகின்றன. அடர்த்தி மிக்க இரும்பு மூசையின் அடியில் தங்க, அலுமினா கசடாக மேலே மிதக்கிறது. தண்டவாளப் பற்றவைப்பு முழுவதும் இந்தப் பிரிவை நம்பியே நடக்கிறது.

ஒரே வெப்பம், வேறு வேறு விளைவு

வெப்பமே ஆபத்தின் அளவுகோல் என்றால், கிராமுக்கு ஏறத்தாழ ஒரே வெப்பம் தரும் பொருள்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இரும்பு ஆக்சைடு தெர்மைட்டுக்குக் கணக்கிட்டால் கிடைப்பது கிராமுக்கு 3.99 கிலோ ஜூல். தாமிர ஆக்சைடு தெர்மைட்டுக்கு 4.11. வெடிமருந்துகளை ஒப்பிடும்போது டி.என்.டி.க்கு வழக்கமாகக் கொள்ளப்படும் மதிப்பு 4.184. மூன்றும் நெருங்கிய எண்கள். ஆனால் முதலாவது மூசைக்குள் அடங்கி எரிகிறது, இரண்டாவது உருகிய துளிகளை வன்மையாகச் சிதறடிக்கிறது, மூன்றாவது வெடிக்கிறது.

வேறுபாட்டுக்குக் காரணம் வளிமம். டி.என்.டி. சிதையும்போது பெருமளவு வளிமங்கள் நொடியின் மிகச் சிறு பகுதியில் உருவாகின்றன. தாமிரத்தின் கொதிநிலை 2562 டிகிரி. வினையின் வெப்பம் அதை எளிதில் ஆவியாக்கிவிடும். இரும்பின் கொதிநிலையோ 2862 டிகிரி. அந்த எல்லையை எட்டாதவரை விளைபொருள்கள் பெரும்பாலும் திரவமாகவே இருக்கின்றன. தள்ளுவதற்கு வளிமம் இல்லை. தண்டவாளக் கலவையில் எஃகுத் துணுக்குகளைச் சேர்ப்பது இதே அறிவின் பயன்பாடு. அவை வெப்பத்தின் ஒரு பங்கை உள்வாங்கி உருகுவதால் வினை தணிகிறது, எஃகின் அளவும் கூடுகிறது.

ஈரம் என்னும் எதிரி

கலவை தன்னளவில் வளிமம் தராவிட்டாலும், வெளியிலிருந்து அதைத் தரக்கூடிய பொருள் நீர். நீர் கொதித்து 100 டிகிரி நீராவியாகும்போதே ஏறத்தாழ 1700 மடங்கு விரிகிறது. உருகிய இரும்பு ஈர மண்ணிலோ நனைந்த கான்கிரீட்டிலோ விழுந்தால், அடியில் சிக்கிய நீர் ஒரு கணத்தில் ஆவியாகி உலோகத்தை மேலே வீசி எறியும். சூடான இரும்பும் எஞ்சிய அலுமினியமும் நீராவியை ஒடுக்கி ஹைட்ரஜனையும் உண்டாக்கும்.

இந்திய ரயில்வேயில் ‘ஏ.டி. வெல்டிங்’ எனப்படும் தெர்மைட் பற்றவைப்புப் பணியின் நடைமுறைகள் இதை உணர்ந்தே அமைந்தவை. உலர்ந்த மூசை, உலர்ந்த அச்சு, மழை படாமல் காத்த ‘போர்ஷன்’ (ஒரு பற்றுக்கான கலவைப் பொதி), தண்டவாள முனைகளை முன்கூட்டிச் சூடேற்றுதல் ஆகியவை பற்றின் தரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தொழிலாளரின் உயிருக்கும் தேவை.

தீயணைப்பிலும் இதே தருக்கம் பொருந்தும். கார்பன் டைஆக்சைடு காற்றை விலக்கித் தீயை அணைப்பது. ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்ட கலவையிடம் அது பயனற்றது. குறைந்த அளவு நீரை ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும். சுற்றியுள்ள எரிபொருளை அகற்றி, உலர்ந்த மணலால் பரவலைத் தடுத்து, வினை தானே முடியும்வரை விலகி நிற்பதுதான் அறிவுடைமை.

அறியாமல் நேரும் தெர்மைட்

துருப்பிடித்த எஃகின் மேல் அலுமினியப் பூச்சு இருக்க, அதைக் கடினப் பொருளால் அடித்தால் தெர்மைட் பொறி பறக்கக்கூடும். அதில் வினைபுரியும் பொருள் மிகச் சிறிது. ஆனால் அது நிகழும் இடம் மீத்தேன் நிறைந்த நிலக்கரிச் சுரங்கம் எனில், அந்தப் பொறியே போதும். இலகு உலோகக் கருவிகளைச் சுரங்கத்தில் கட்டுப்படுத்துவது இதனால்தான்.

மாறாக, 1937இல் லேக்ஹர்ஸ்டில் எரிந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலின் உறையில் அலுமினியமும் இரும்பு ஆக்சைடும் இருந்ததைக் காட்டி, அதைத் தெர்மைட் தீ என்று சிலர் வாதிட்டனர். இரண்டும் தனித்தனிப் பூச்சுகளில், பிசினுக்குள் பொதிந்து கிடந்தன. துகள்கள் நெருங்கித் தொடாத நிலையில் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் வினையாகாது. கப்பலை நிறைத்திருந்த ஹைட்ரஜனே தீயின் வேகத்துக்கு ஏற்ற விளக்கம்.

மறுப்பும் முடிவும்

வெப்பம் இல்லையேல் நீர் ஆவியாகாது, ஆகவே மூலக்காரணம் வெப்பமே என்று மறுக்கலாம். தருக்கப்படி அது சரி. ஆனால் வெப்பத்தை ஓரளவுக்கு மேல் குறைத்தால் எஃகு உருகாது, வினையின் பயனே போய்விடும். நம் கட்டுப்பாட்டில் இருப்பவை ஈரம், துகளின் நுண்மை, அருகிலுள்ள எரிவளிமம், கலவை அடைபட்ட நிலை ஆகியவை. பாதுகாப்புப் பயிற்சி தொடங்க வேண்டியதும் இவற்றில்தான். மாணவர்க்கான பாடநூல்கள் தெர்மைட்டின் வெப்பநிலையைச் சொல்லும் அதே பத்தியில், அதன் மீது நீர் ஊற்றக் கூடாது என்பதையும் அதற்கான காரணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.