முடிக்கு ஒரு ஊசி

1875ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிலருக்கு இமைமுடி உள்பக்கமாக வளரும். கண்ணை உரசி உரசிப் பார்வையையே கெடுத்துவிடும். பிடுங்கினால் சில வாரத்தில் மறுபடியும் வந்து நிற்கும். மிஷெல் முடியின் வேர்க்குழிக்குள் மெல்லிய ஊசியை இறக்கி, அதில் பேட்டரியின் எதிர்முனையை இணைத்தார். முடி திரும்ப முளைக்கவில்லை.

மின்சாரம் இங்கே முடியைச் சுடுவதில்லை. தோலுக்குள் இருக்கும் உப்புநீரைப் பிரித்து, ஊசியைச் சுற்றி சோடியம் ஹைட்ராக்சைடை, நம்மூர் காஸ்டிக் சோடாவை, உண்டாக்குகிறது. வேரை அரிப்பது அதுதான். ஃபாரடே விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை மில்லிஆம்பியர், 12 விநாடி: சுமார் இரண்டரை மைக்ரோகிராம். அவ்வளவுதான்!

ஆனால் ஆயிரம் முடிக்கு? மின்சாரம் ஓடும் நேரம் மட்டுமே மூன்று மணி நேரத்தைத் தாண்டுகிறது. அன்றைக்கு உறங்கிக்கொண்டிருந்த வேர்கள் சில மாதம் கழித்து விழிக்கும்போது மறுபடி உட்கார வேண்டும். அடுத்த ஐம்பது வருட வரலாறு முழுக்க இந்த மெதுவோடு நடந்த சண்டை. 1916ல் பால் க்ரீ ஒரே நேரத்தில் பல ஊசிகளை இறக்கினார். 1924ல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆன்றி போர்தியே உயர் அதிர்வெண் மின்சாரத்தால் வேரைச் சூடாக்கிக் கொன்றார்.

பொறுமையில்லாதவர்களுக்கு எக்ஸ்ரே இருந்தது. 1920களில் ஆல்பர்ட் கைசரின் 'ட்ரைக்கோ' எந்திரங்கள் அழகு நிலையங்களுக்கே வந்துவிட்டன. ஊசி இல்லை, வலி இல்லை. முடி உதிர்ந்தது உண்மை. பின்னால் தோல் சுருங்கி, புண்ணாகி, சிலருக்குப் புற்றுநோயாகவும் ஆனது. அந்தப் பெண்களை அவசரக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முகத்தில் முடியோடு தெருவில் நடப்பது என்னவென்று அவர்களுக்குத்தானே தெரியும்.

1970களில் 'பெர்மா ட்வீஸ்' மாதிரியான பேட்டரிக் கருவிகள் மிஷெலின் முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தன. சர்க்யூட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் முனை மாறிவிடக் கூடாது. எஃகு ஊசி நேர்முனையில் மாட்டிக்கொண்டால் இரும்பு கரைந்து தோலுக்குள் இறங்கும். பச்சை குத்தியது போலக் கறை நின்றுவிடும்.

நிஜமான சிக்கல் கைதான். தோலை இழுத்துப் பிடிக்க ஒரு கை, ஊசிக்கு ஒரு கை, மறுமுனையை ஈரத்தோடு பிடித்துக்கொள்ள ஒரு கை. நமக்கு இருப்பதோ இரண்டு! கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவது வேறு. அதனால்தான் முகத்தில் கை வைக்கும் முன் காலில் பழக வேண்டியிருக்கிறது. குழிக்குள் போகும் ஊசி எதையும் குத்தாது, வழுக்கிக்கொண்டு இறங்கும். தடை தெரிந்தால் ஊசி தவறான இடத்தில் இருக்கிறது. கடைசியில் இடுக்கியால் தொட்டதும் முடி தானாக வர வேண்டும். சுருக்கென்று இழுத்தால் அது சாகவில்லை, வெறுமனே பிடுங்கியிருக்கிறோம்.