கறுப்பு உடை பிறந்த மாதம்

ஜனவரி 2022இல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம், படக்கதை ஒன்றின் ஒரே ஒரு பக்கத்துக்கான மூல ஓவியத்தை 33.6 லட்சம் டாலருக்கு விற்றது. மார்வெலின் ‘சீக்ரெட் வார்ஸ்’ 8ஆம் இதழின் 25ஆம் பக்கம் அது. வரைந்தவர் மைக் ஜெக். ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை கிடைத்த கதையைச் சொல்லும் பக்கம் என்பதால்தான் இந்த விலை. ஆனால் பழைய இதழ் வியாபாரிகளைக் கேட்டால், கறுப்பு உடையின் ‘முதல் தோற்றம்’ என்று ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 252ஐ எடுத்து நீட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? 1984ஆம் ஆண்டு இதழ்களை மாத வரிசையில் அடுக்கிப் படித்துப் பார்த்தேன்.

‘சீக்ரெட் வார்ஸ்’ மே 1984 தொடங்கி 12 இதழ்கள் வந்த தொடர். எழுதியவர் மார்வெலின் அன்றைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர். மேட்டல் நிறுவனத்தின் பொம்மை விற்பனையோடு கைகோத்து உருவானது. பியாண்டர் என்னும் பேராற்றல், நாயகர்களையும் வில்லன்களையும் வேற்றுக்கோளுக்குக் கடத்திப்போய் மோதவிடுகிறது.

முதல் தடயம், ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 251 (ஏப்ரல் 1984). நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் முளைத்த விசித்திரக் கட்டுமானத்துக்குள் நுழைந்து ஸ்பைடர்மேன் மறைகிறான். 252இல் (மே 1984) கறுப்பு உடையோடு திரும்பிவிடுகிறான். அதே மாதத்தில்தான் ‘சீக்ரெட் வார்ஸ்’ முதல் இதழே வருகிறது! போர் முடிந்து நாயகன் வீடு திரும்பிய பிறகுதான் வாசகனுக்குப் போர்க்கதை தொடங்குகிறது. உடை எப்படி வந்தது என்ற ஆவலே 12 இதழ்களையும் வாங்கவைக்கும் தூண்டில்.

இரண்டாவது தடயம் இன்னும் சுவையானது. நவம்பர் இதழான 258இல், விஞ்ஞானியான நாயகர் ரீட் ரிச்சர்ட்ஸ் அந்த உடையைச் சோதித்து, அது உயிருள்ள ஒட்டுண்ணி என்று கண்டுபிடித்துவிடுகிறார். அது கிடைத்த கதையைச் சொல்லும் ‘சீக்ரெட் வார்ஸ்’ 8 வருவதோ டிசம்பரில். கிழிந்த உடைக்கு மாற்றுத் தேடி ஸ்பைடர்மேன் ஓர் இயந்திரத்திடம் போகிறான், வெளியே வந்த கறுப்பு உருண்டை அவன் மேல் பரவுகிறது, அவன் மகிழ்ந்துபோகிறான். ஆபத்து அவனுக்குத் தெரியாது, வாசகனுக்குத் தெரியும். தனியாகப் படித்தால் வேடிக்கையாகத் தோன்றும் காட்சி, மாத வரிசையில் படிக்கும்போது திகிலாகிறது.

அட்டை மாதத்தைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. இதழ்கள் அட்டையில் அச்சிட்ட மாதத்துக்குச் சில மாதம் முன்பே கடைக்கு வந்துவிடும். ஒரே மாத இதழ்களுக்குள் எது மூத்தது என்பதை அட்டை சொல்லாது. ‘மார்வெல் டீம்-அப்’ 141, ‘ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்’ 90 ஆகியவற்றிலும் மே 1984 என்றே இருக்கிறது. அவற்றிலும் கறுப்பு உடை உண்டு. அதற்கும் முன்னால், மார்வெலின் விளம்பர இதழான ‘மார்வெல் ஏஜ்’ 12 (மார்ச் 1984) அந்த உடையைப் படமாகக் காட்டிவிட்டது.

தேடலை இன்னும் பின்னோக்கி நகர்த்துகிறது ஒரு கடிதம். ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை தரலாம் என்று யோசனை எழுதி அனுப்பிய வாசகர் ஒருவருக்கு, அதை 220 டாலருக்கு வாங்கிக்கொள்வதாக ஷூட்டர் 1982இல் எழுதிய பதில் அது. அந்த வாசகர் மனத்தில் இருந்த சிலந்திச் சின்னம் சிவப்பு. அச்சில் வந்தது வெள்ளை.

ஆக, யோசனை 1982இல். படம் மார்ச் 1984இல். கதையில் நுழைந்தது மே மாதத்தில். பிறப்புக் கதை டிசம்பரில். வியாபாரி சொல்வதும் ஏலக்காரர் சொல்வதும் அவரவர் அளவில் சரி. ‘முதல்’ என்ற பட்டத்தை ஒரே இதழுக்குக் கொடுப்பதுதான் தவறு. தொகுப்பு நூலில் 12 இதழ்களையும் ஒரே மூச்சில் படிப்பவருக்கு இந்த வரிசை பிடிபடாது. 8ஆம் இதழைப் புரட்டப் போகிறவர்கள் 251, 252, 258 மூன்றையும் முதலில் படித்துவிடுங்கள்.