விடுமுறைப் பட்டியல் உரைக்கும் வரலாறு

ஆண்டு முடியுமுன்பே, அடுத்த ஆண்டுக்குரிய விடுமுறைச் சுற்றறிக்கை மத்திய அரசு அலுவலகங்களுக்கு வந்துவிடுகிறது. நாம் அனைவரும் அதை ஆவலோடு நோக்குகிறோம். ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வீணாகும் நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பெருமூச்சு விடுகிறோம். பிறகு மறந்துவிடுகிறோம். ஆயினும், சற்றே நின்று படிப்போமாயின், அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருப்பதைக் காணலாம்.

நம் நாட்டில் பொது விடுமுறை என்பதற்குச் சட்ட வடிவம் தந்தது, வியப்புக்குரிய வகையில், வணிகச் சட்டம் ஒன்றேயாகும். ஊர்த் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அளிக்கும்போதெல்லாம், 'இது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது' என்ற குறிப்பும் உடன் வருவதை நாம் அறிவோம். அந்தச் சட்டம் 1881ஆம் ஆண்டினது. உண்டியலுக்குப் பணம் செலுத்தவேண்டிய நாள் விடுமுறையாக இருந்தால் என் செய்வது என்பதே அதன் 25ஆம் பிரிவு எழுப்பிய வினா. அதற்கு முந்தைய வேலைநாளிலேயே செலுத்துக என்பது விடை. அந்நாளில் அப்பிரிவு பெயர் சொல்லிக் குறித்த விடுமுறைகள் ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவையே. பிற நாட்கள் அரசிதழ் அறிவிக்கையை எதிர்நோக்கி நின்றன. விடுதலைக்குப் பின் அப்பிரிவு திருத்தப்பட்டது. இன்று அதில் பெயரோடு நிற்பது ஞாயிறு ஒன்றே. ஏனைய நாட்கள் யாவும் அறிவிக்கையால் வருபவை.

சட்டத்தில் ஞாயிறு இருந்தும், ஆலைத் தொழிலாளிக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்தோருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே குரல் எழுப்பினார். 1884இல் ஏறத்தாழ 5,500 தொழிலாளர் வார ஓய்வு கேட்டு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். ஆறாண்டுப் போராட்டத்தின் பின், 1890 ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் இணங்கினர். மறு ஆண்டே தொழிற்சாலைச் சட்டமும் அதனை ஏற்றது. சென்னைக் கடற்கரையில் 1923இல் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடியதும் இவ்வழியில் வந்ததே. இன்று தமிழக அரசு விடுமுறையாகக் கொள்ளும் அந்நாள், மத்திய அரசுப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

விடுதலை பெற்ற நாடு தனக்கென மூன்று தேசிய விடுமுறைகளை வகுத்துக்கொண்டது. ஆகஸ்டு 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகியவை அவை. அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. எனினும் அது முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு திங்கள் காத்திருந்தனர். 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் மக்கள் முழு விடுதலை உறுதிமொழி ஏற்றதன் நினைவைப் போற்றுதற்கே அக்காத்திருப்பு.

பல சமயங்கள் வாழும் நாட்டில், திருநாட்களைப் பட்டியலில் அடக்குவது எளிதன்று. 1952இல் மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, ஏறத்தாழ முப்பது நாட்காட்டிகள் வழக்கில் இருப்பதைக் கண்டது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண சாகா உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். கொல்கத்தாவிலுள்ள அரசு வானியல் மையம் இன்றும் திருநாட்களைக் கணித்துத் தருகிறது. ரம்ஜான், பக்ரீத் நாட்களோ பிறை தெரிவதைப் பொறுத்து மாறுகின்றன. அரசின் கோப்பும் பிறைக்காகக் காத்திருப்பது நம் நாட்டின் பெருமைகளுள் ஒன்று.

இத்தகைய பட்டியலில் நம் இடம் யாது? மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டாய விடுமுறைகள் 14. தில்லிக்கு வெளியேயுள்ள அலுவலகங்களுக்காக, வேறு 12 திருநாட்களிலிருந்து மேலும் 3 நாட்கள் தேர்ந்து கொள்ளப்படுகின்றன. பொங்கல் அந்தப் பன்னிரண்டனுள் ஒன்று. ஆகவே சென்னையில் அலுவலகம் மூடியிருக்கும் பொங்கலன்று தில்லியில் கோப்புகள் நகர்கின்றன. தீபாவளியும் அவ்வாறே. நாம் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். வடபுலத்தார் அமாவாசை மாலையில் இலக்குமியை வழிபடுகின்றனர். சதுர்த்தசியில் தீபாவளி விடுமுறை விடும் மாநிலங்களில், மத்திய அலுவலகங்களும் அந்நாளையே கொள்ளலாம் என விதி இடந்தருகிறது. தலைநகரிலோ இரண்டும் வெவ்வேறு நாளில் வந்தால், தலையில் எண்ணெய் வாசம் போகுமுன்பே நாம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறோம்.

ஆயினும் குறைகூற இடமில்லை. ஒவ்வோர் ஊழியரும் தாம் விரும்பும் திருநாட்கள் இரண்டைத் தேர்ந்துகொள்ள, வரையறுக்கப்பட்ட விடுமுறை என்றொரு வழி உண்டு. பெரும்பான்மையோர் கொண்டாடாத நாளையும் ஒருவர் தம் நாளாகக் கொள்ளலாம் என்று அரசே ஏற்றுக்கொண்ட சிறு கதவு அது. ஆனால் அக்கதவு தானே திறவாது. விண்ணப்பம் எழுதித் திறக்கவேண்டும். ஆண்டு முடிவதற்குள் எடுக்காவிடின் அவ்விடுமுறை கழிந்துபோகும். அடுத்த ஆண்டுக்குத் தொடராது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தைத்திங்கள் முதல்நாள் பள்ளி உள்ள நாளாகவே அமையலாம். லோகண்டேயும் அவர்தம் தோழர்களும் ஆறாண்டு கேட்டுப் பெற்றதை எண்ணுங்கால், ஒரு வரி விண்ணப்பம் எழுத நமக்கென்ன தயக்கம்? அன்று நாம் இல்லத்தில் இருந்து பானையில் பால் பொங்கக் காட்டினால், அந்நாள் அவர்கட்கும் திருநாளாகும். அலுவலகம் சென்றுவிட்டால், பட்டியலில் உள்ள பொங்கல் பட்டியலிலேயே நின்றுவிடும்.